குஞ்சப் புனல்

கழுகக்காவின் பிரஷ்ஷை யாரோ எடுத்து எடுத்து வைக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் என்றால் தலையைக் காட்டிவிட்டுப் போகிற சந்தேகம் இல்லை, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்ட சந்தேகம். வலது கைப் பக்கம் வைத்த பிரஷ் காணாமல் போகும். "எவ எடுத்தது?" என்று அவள் எழுந்து நின்று கத்தினால், அதே இடத்தில் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கிடக்கும். இன்னொரு நாள் ஓரத்தில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் நடு மேசைக்கு வந்திருக்கும். இதைப் பேய் செய்யும் என்று நம்புகிற ஆள் இல்லை அவள். இவ்வளவு அற்பத்தனம் மனிதர்களுக்குத்தான் வரும் என்பது அவள் கட்சி.

வேலை செய்கிற இடம் ஒரு பட்டறை. மருத்துவக் கல்லூரிகளுக்கு உடம்பின் உள்ளுறுப்புகளை மாதிரி செய்து அனுப்புவார்கள். கீழே அச்சுக்காரர் பிசினைக் காய்ச்சி ஊற்றுவார். மாடியில் அச்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பிசிறை வெட்டி, சாயம் அடித்து, பெட்டியில் அடுக்குவார்கள். சாயம் அடிப்பதும் பெட்டி அடுக்குவதும் கழுகக்கா. ஒரு ஈரலில் கடுகளவு வெள்ளை விட்டுப்போயிருந்தால்கூட வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் முதலாளி வைத்த பேர் அது. அந்தப் பேரில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. வீட்டில் புருஷனுடைய பூட்டு ரிப்பேர்க் கடை வாரத்தில் பாதி நாள் ஈ ஓட்டும். அடுப்பு எரிவது அவள் கண்ணை நம்பித்தான்.

பிசிறு வெட்டுகிறவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. கட்டிக்கொண்டவன் சரியில்லை என்று பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட பெண். "சும்மா உட்கார்ந்து சாப்பிட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, வா என்னோட" என்று கைப்பிடித்து இங்கே கூட்டிவந்து, முதலாளியிடம் "என் பொறுப்பு சார்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டதே கழுகக்காதான். அதனால்தான் இப்போது எரிச்சல் இரட்டிப்பாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டுகிற தூரத்தில் இருப்பவள் அவள் ஒருத்திதானே!

இந்த நாத்தனார் நடையும் சரியில்லை. முன்பெல்லாம் வருவது தெரியும். இப்போது பூனை மாதிரி வந்து திடீரென்று முகத்துக்கு நேரே முளைக்கிறாள். கழுகக்காவுக்குத் தூக்கிவாரிப் போடும்.

"ஏன்டி இப்படிப் பதுங்கிப் பதுங்கி வர?"

"நான் எங்க அண்ணி பதுங்கினேன்? பேசிக்கிட்டேதான வரேன்!"

"பேச்செல்லாம் நல்லாத்தான் பேசற."

குடிதண்ணீர் ஜாடி விஷயம் வேறு. காலையில் நிரப்பி வைத்தது மத்தியானத்துக்குள் காலி. தான் ஒருத்தியே இவ்வளவையும் குடித்திருப்போம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, இதுவும் நாத்தனார் வேலைதான். தொண்டை மட்டும் வறண்டுகொண்டே இருந்தது. குடிக்கக் குடிக்க எழுந்து ஓட வேண்டியும் இருந்தது. ஒவ்வொரு தடவை எழுந்து போகும்போதும், "நான் எழுந்தாச்சு, இனி அவ ராஜ்ஜியம்" என்று மனசு கறுவும்.

வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள் நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணி, கண்ணுக்கு ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாமா? நானும் வரேன்."

கழுகக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. இந்தப் பட்டறையில் கண் என்றால் சும்மாவா? முன்னால் சாயம் அடித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த மறுவாரமே கூட்டிப் பெருக்கப் போட்டுவிட்டார் முதலாளி. இது தெரிந்துதானே கேட்கிறாள்!

"ஊசியில நூல் கோக்கட்டுமா? ஒரே தடவையில கோக்கறேன், பாக்கறியா? என் கண்ணப் பத்தி இன்னொரு வார்த்த வந்துச்சு, நடக்கறதே வேற."

சொன்னபடி கோத்தும் காட்டினாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு கண் பேச்சு எடுக்கவில்லை. ஆனால் கழுகக்காவுக்கு அன்றைக்கே விஷயம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக அவள் நினைத்தாள். இவளுக்கு என் நாற்காலி வேண்டும். முதலில் நாற்காலி, பிறகு வீட்டுச் சாவி. அண்ணன்காரன் ஏற்கெனவே தங்கை என்றால் உருகுகிறவன்.

அப்போதுதான் புனல் விவகாரம் வந்தது.

உடம்புக்குள் புனல் மாதிரியான துண்டுகள் நிறைய உண்டு. மேலே வாய் அகலம், கீழே காம்பு. மூளைக்கு அடியில் ஒன்று தொங்கும், அதன் நுனியில் பட்டாணி அளவு சுரப்பி. சிறுநீரகத்துக்குள் சின்னச் சின்னதாகச் சில. கருக்குழாயின் வாயில் ஒன்று, அதற்கு விளிம்பெல்லாம் குஞ்சம் கட்டினாற்போல் இருக்கும். பட்டியலில் அச்சு எண்ணுக்கு எதிரே எல்லாவற்றுக்கும் ஒரே பேராக இன்ஃபண்டிபுலம் என்று போட்டிருக்கும். அது பட்டறையில் எவர் வாயிலும் நுழையாத பேர். வழுக்கைப் புனல், பொடிப் புனல், குஞ்சப் புனல் என்றால்தான் அச்சுக்காரருக்கே தெரியும். இவை கழற்றி மாட்டுகிற துண்டுகள் என்பதால் தனியே சாயம் அடித்து, கட்டம் கட்டமாகத் தடுத்த ஒரு மரத் தட்டில் போட்டு வைப்பார்கள். பெட்டியை மூடும் முன் அந்தந்த மாதிரிக்கு உரிய புனலைத் துணிப்பையில் போட்டு உள்ளே வைக்க வேண்டும்.

இதில்தான் கழுகக்காவின் வித்தை. தட்டு இடப்பக்கம், பெட்டி வலப்பக்கம். கண் எதிரே இருக்கிற உறுப்பின் மேலேயே இருக்கும், இடது கை தானாகப் போய்ச் சரியான புனலை எடுக்கும், வலது கை வாங்கிப் பைக்குள் போடும். திரும்பியே பார்க்க மாட்டாள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு மூளைகள் திரும்பி வந்தன. வழுக்கைப் புனல் இருக்க வேண்டிய பையில் குஞ்சப் புனல். மூளைக்குக் கருக்குழாயின் வாயை அனுப்பியிருக்கிறீர்களே, இனி மாணவர்கள் தலைக்குள் பிள்ளை பெறுவார்களா என்று அங்கே கேலி செய்தார்களாம். முதலாளி மாடிப்படி அதிர ஏறி வந்தார்.

"பட்டறை மானத்த வாங்கிட்டீங்க! யாரு பண்ணது?"

கழுகக்காவின் வாய் முந்திக்கொண்டது. "என் கை தப்பாது சார். தட்டுல மாத்திப் போட்டிருந்தா நான் என்ன பண்றது? கட்டத்த நிரப்பறது யாருன்னு கேளுங்க."

கட்டத்தை நிரப்புவது நாத்தனார்.

மூடிய பெட்டிகளுக்குக் கயிறு போட்டுக் கட்டுக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி உண்டு. வம்பு என்றால் வேலையைப் போட்டுவிட்டு வருவாள். அவள் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தாள். "நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். கழுகக்கா எழுந்து போற நேரம் பாத்து இந்தப் பொண்ணு பெட்டியத் திறந்து எதையோ எடுத்து எதையோ போடுது. என் கண்ணாலயே பாத்தேன்."

முதலாளி, "உண்மையா?" என்றார். நாத்தனார் கழுகக்காவைப் பார்த்தாள். "சரியா இருக்கான்னு பாத்தேன் சார்," என்றாள்.

"சரி பாக்க நீ யாரு?" என்று கழுகக்கா எகிறினாள்.

முதலாளி அன்றைக்கு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். கழுகக்கா விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆச்சு என்று நின்றாள். நரம்புக்கு அடிக்கிற நீலச் சாயப்பொடி இருக்கிறதே, தொட்டால் லேசில் போகாது. அதைப் பிரஷ்ஷின் கைப்பிடியில் மெல்லிசாகத் தடவி, மேசையின் வலது ஓரத்தில் வைத்தாள். பிசிறு வெட்டுகிறவளுக்குச் சாயத்தோடு வேலையே கிடையாது. கை நீலமானால் தப்பிக்க வழியில்லை. பிறகு ஜாடியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது பிரஷ் நடு மேசையில், அவள் கைக்கு எட்டும்படி நேராக வைக்கப்பட்டிருந்தது. நாத்தனார் குனிந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீலம்.

கழுகக்கா அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிப் பட்டறைக்கே காட்டினாள். "பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! நான் பொய் சொல்றேன்னீங்களே!" அப்படி யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் சொன்னாள். "திருடி! வீட்டுல இடம் கொடுத்தேன், வேல வாங்கிக் கொடுத்தேன், என் வாயில மண்ணப் போடப் பாத்தியே!"

"கீழ விழற மாதிரி இருந்துச்சு அண்ணி. எடுத்து வெச்சேன், அவ்வளவுதான்."

"தினமும் விழுதா?"

முதலாளி அன்று மாலையே நாத்தனாரை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தும் கழுகக்கா ஓயவில்லை. பாத்திரம் ஒவ்வொன்றாகப் பேசியது. புருஷன் சமாதானம் செய்ய வந்து வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுநாள் காலை நாத்தனார் தன் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, "வரேன்ணா," என்று அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி ஒன்றில் இடம் பிடித்து, ஒரு சலவைக் கடையில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தகவல் வந்தது. புருஷன் அன்றிலிருந்து வீட்டில் ஊமை.

அப்பாடா, பீடை ஒழிந்தது என்று கழுகக்கா நிம்மதியாக மேசையில் உட்கார்ந்தாள். வேலை ஓடியது. வலது கையை நீட்டினாள். பிரஷ் இல்லை.

எழுந்து நின்று பார்த்தாள். ஓரத்தில் கிடந்தது.

பக்கத்து நாற்காலி காலி. பத்தடி சுற்றளவில் மனித வாடை இல்லை. அப்படியானால் கட்டுக்கட்டுகிற அம்மாள்தான்! அவளும் கூட்டு! அந்த வாரம் முழுக்க அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அந்த அம்மாள் உடம்பு சரியில்லாமல் லீவு போட்ட நாளிலும் பிரஷ் காணாமல் போனது. பிறகு முதலாளி மேலேயே ஒரு கண் விழுந்தது. என்னைக் கழற்றிவிட்டு யாரையாவது சேர்க்கத் திட்டமோ? இப்படியே போயிருந்தால் கடைசியில் பட்டறைப் பூனையைச் சந்தேகப்பட்டிருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கண் எதிரே இருப்பதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தன் கண்ணை எப்படிச் சந்தேகப்படுவது?

இதற்குள் பெட்டிகள் மறுபடி திரும்பத் தொடங்கின. மூளையில் குஞ்சப் புனல், சிறுநீரகத்தில் வழுக்கைப் புனல். முதலாளி இந்தத் தடவை கத்தவில்லை. கழுகக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது.

அன்று மாலை வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தவளை ஒரு சைக்கிள் இடித்துத் தள்ளியது. "எங்கிருந்துடா குதிச்ச?" என்று அவள் தரையில் கிடந்தபடியே திட்டினாள். சைக்கிள்காரன் அழாத குறை. "தூரத்துல இருந்தே மணி அடிச்சிட்டு வரேன்மா. கேட்டு நின்னு, வழி விடறீங்கன்னு நெனச்சா, நேரா வந்து விழறீங்க!" சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். அத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க அவளாலேயே முடியவில்லை.

மணிக்கட்டு வீங்கியதற்குக் கட்டுப் போட்ட மருத்துவர், போகிற போக்கில், "என் மூக்கையே பாருங்க," என்று சொல்லி இரண்டு கைகளையும் அகல விரித்து விரல்களை அசைத்தார். "விரல் தெரிஞ்சா சொல்லுங்க."

"முதல்ல விரலக் காட்டுங்க," என்றாள் கழுகக்கா.

மருத்துவர் சிரிக்கவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தலையைக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். மூளை நிபுணரான ஒரு பெண் மருத்துவர் புருஷனையும் அவளையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பென்சிலால் ஒரு இடத்தைக் காட்டினார்.

"இங்க ஒரு கட்டி வளர்ந்திருக்கு. இந்த இடத்துக்குப் பேரு இன்ஃபண்டிபுலம். அப்படின்னா..."

"வழுக்கைப் புனல்," என்றாள் கழுகக்கா. வாயில் நுழையாத பேர்தான், காதில் விழுந்ததும் தெரிந்துவிட்டது.

மருத்துவர் வியப்போடு பார்த்தார். "ஆமா, புனல்னுதான் அர்த்தம். பழைய லத்தீன் வார்த்தை. உடம்புல எங்கெல்லாம் அகலமா ஆரம்பிச்சு குறுகிப் போகுதோ அங்கெல்லாம் அதே பேர வெச்சுட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குச் சாயம் அடிக்கறதுதான் என் பொழப்பு. அதுக்குள்ள கட்டின்னா என்ன டாக்டர்? அது சும்மா தொங்கற காம்புதானே?"

"சும்மா தொங்கல. உடம்புல இருக்கற தண்ணிய வீணாக்காம பிடிச்சு வைன்னு மூளை சொல்ற சேதி அந்தப் புனல் வழியாத்தான் கீழ இறங்கணும். அது தடைப்பட்டா தாகம் அடங்காது, குடிச்சதெல்லாம் வெளிய போயிடும். அதுக்குப் பக்கத்துலயே ரெண்டு கண் நரம்பும் குறுக்க வெட்டிப் போகுது, பாருங்க. கட்டி அதை அமுக்குது. அதனால ரெண்டு ஓரமும் இருட்டாயிடும். நேரா இருக்கறது நல்லாத் தெரியறதால ஆளுக்கே சந்தேகம் வராது."

சந்தேகம் வராதாம்! கழுகக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜாடியைக் காலி செய்தது அவளேதான். பிரஷ்ஷை எவளும் எடுக்கவில்லை. நாத்தனார் பதுங்கி வரவில்லை, சாதாரணமாக நடந்து வந்தாள். தட்டுக்குப் போன இடது கைக்கு இத்தனை நாளும் வழி காட்டியது ஓரக்கண்தான், அது இருண்டதும் கை கண்ட புனலை எடுத்திருக்கிறது. புருஷன் முதல் தடவையாக வாயைத் திறந்து, "கட்டிய எடுத்துட்டா பார்வை வந்துருமா?" என்று கேட்டான்.

"இந்த வருஷ ஆரம்பத்துல வந்திருந்தாக்கூடத் தைரியமா வந்துரும்னு சொல்லியிருப்பேன். இப்ப நரம்பு ரொம்ப மெலிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல போகாம தடுக்கலாம். போனது திரும்புமான்னு வாக்குக் கொடுக்க முடியாது. தாமதமாயிடுச்சும்மா."

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வெளியே வந்ததும், "நீங்க வீட்டுக்குப் போங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அவள் சலவைக் கடைக்குப் போனாள். துரத்திவிட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாத்தனார் ஆவிக்கு நடுவே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பின்பக்கம் துணி மூட்டைகளுக்கு இடையில் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள். கழுகக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், மருத்துவர் கடைசியாகச் சொன்னதைத் தவிர.

"நீ எதையும் எடுக்கல. ஊர் முன்னாடி உன்னத் திருடின்னேன். என்ன மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

நாத்தனார் பேசினாள். குரலில் கோபம் இருந்தது.

"எடுத்தேன் அண்ணி. தினமும் எடுத்தேன். ஓரத்துல இருந்தா உங்களுக்குத் தெரியல. நீங்க தேடறத முதலாளி பாத்துட்டா அவ்வளவுதான்னு நடுவுல நகத்தி வெப்பேன். நீங்க எழுந்து போனதும் பையத் திறந்து தப்பான புனல மாத்துவேன். எனக்குக் காய்ச்சல் வந்து வராம போனேனே, அன்னிக்குப் போன பெட்டிங்கதான் மொதல்ல திரும்பி வந்தது."

கழுகக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "அத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே பாவி! முதலாளி கேட்டாரே!"

"கேட்டாரு. அண்ணிக்குக் கண்ணு தெரியலன்னு அவர் முன்னாடி சொல்லச் சொல்றீங்களா? மறுநாளே உங்க கையில துடைப்பம். அண்ணன் கடைய நம்பி வீடு ஓடுமா? உங்ககிட்ட ஒரு தடவ சொன்னேன். ஊசியில நூல் கோத்துக் காட்டுனீங்க. வயசுக் கண்ணு, கொஞ்ச நாள் சமாளிச்சுட்டா போதும்னு நெனச்சேன். திருடின்னு நீங்க கையத் தூக்கிக் காட்டுனப்ப உங்களக் கொன்னுடலாம்னு இருந்துச்சு. அப்பவும் சொல்லல. ஏன்னு எனக்கே தெரியல."

கழுகக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் சுற்றியிருந்தவர்களில் அவளை ஏமாற்றிய ஒரே ஆள் இவள்தான், அதுவும் இப்படி.

நாத்தனாரின் கை அவள் முதுகில் விழுந்தது. ஆறுதலாகத் தட்டிய கை பாதியில் நின்றது. அவளுக்கு ஏதோ உறைத்துவிட்டது.

"அண்ணி." குரல் மாறியிருந்தது. "நான் மறைக்காம இருந்திருந்தா நீங்க அப்பவே டாக்டர்கிட்டப் போயிருப்பீங்க. இல்ல? அந்தக் கட்டி... என்னால லேட்டாயிடுச்சா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

இஸ்திரிப் பெட்டி எங்கோ உஸ்ஸென்று மூச்சு விட்டது. கழுகக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"சரியான நேரத்துல வந்துட்டீங்கன்னு சொன்னாங்க. கட்டிய எடுத்ததும் எல்லாம் பழையபடி தெரியுமாம்."

"நெஜமாவா?"

"உன்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட இருக்கணும், துணிய எடுத்துட்டு வீட்டுக்கு வா."

பக்கத்தில் இருப்பவள் நம்பிவிட்டாளா என்று பார்க்க வேண்டுமானால் தலையை முழுக்கத் திருப்ப வேண்டும். தன் முகத்தை அவளும் பார்த்துவிடுவாள், கழுகக்கா திருப்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே அவள் பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.